விலங்குகள் கடக்கும் வழியில்

மலையடிவாரத்திலும் மலைமேலும் வாழும் குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருள் அன்று. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு முறை முடித்து வீடு திரும்பும் தந்தைக்கும், தொலைவிலுள்ள கல்லூரிக்குச் செல்லும் மகனுக்கும், நள்ளிரவுத் திருப்பலிக்குக் குழந்தையோடு வந்து போகும் இளந்தம்பதியருக்கும் அதுவே துணை. பேருந்து நின்றுபோன நேரத்திலும் அது நம்மை வீடு சேர்க்கிறது. ஆனால், நாம் வீடு திரும்பும் அதே நேரத்தில்தான் காட்டின் பெரிய விலங்குகளும் தங்கள் வழியே நடக்கத் தொடங்குகின்றன. இவ்விரு பயணங்களும் சாலையின் ஒரே இடத்தில் சந்தித்தால் நேர்வது என்ன என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நன்கு வளர்ந்த ஆண் காட்டெருமை ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடையுள்ளது. கடமான் இருநூறு கிலோவைத் தாண்டும். யானையின் எடையோ மூன்று, நான்கு டன். நாம் ஏறிச் செல்லும் வண்டியின் எடை நூற்றுச் சொச்சம் கிலோதான். காரில் செல்பவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் செல்பவருக்குத் தலைக்கவசத்தைத் தவிர வேறு காப்பு ஏது? ஆகவே, மோதிய பிறகு தப்புவதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. மோதாமல் இருக்கும் வழியைத்தான் நாம் கற்க வேண்டும்.

விலங்குகள் ஏன் சாலைக்கு வருகின்றன? உண்மையில் அவை சாலைக்கு வருவதில்லை. அவை நடந்த தடங்களின் குறுக்கேதான் நம் சாலைகள் போடப்பட்டன. மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு யானைகளின் பழைய வழித்தடம். கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனைப் பகுதிக்குப் பலாப்பழக் காலத்தில் யானைகள் தவறாமல் வருகின்றன. குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைச் செடிகளுக்கிடையே காட்டெருமைகள் பகலிலும் மேய்வதைக் காணலாம். கொடைக்கானலிலோ அவை ஊர்த் தெருக்களுக்கே வந்துவிடுகின்றன. கோடையில் நீரைத் தேடியும், மழைக்குப் பின் சாலையோரத்து இளம்புல்லைத் தேடியும் வருகிற விலங்கு, நாம் வருவதை எதிர்பார்த்து வருவதில்லை.

காலமும் இடமும் தெரிந்தால் ஆபத்தில் பாதி குறையும். மாலை மங்கும் வேளையும் விடியற்கு முந்திய வேளையும் மிகுந்த எச்சரிக்கைக்குரியவை. அப்போது விலங்குகளின் நடமாட்டம் கூடுகிறது. நம் கண்களோ வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே தடுமாறுகின்றன. காட்டெருமையின் உடல் நிறம் இருளோடு ஒன்றிவிடுகிறது. முழங்காலுக்குக் கீழேயுள்ள வெண்மை மட்டுமே சில வேளைகளில் நமக்கு முதலில் தென்படும். மானின் கண்கள் விளக்கொளியில் மின்னும் என்று நம்பியிருப்பவர், தலை குனிந்து மேயும் விலங்கின் கண்களில் ஒளி படாது என்பதை மறந்துவிடுகிறார். யானையின் கண்களோ நம் விளக்கின் ஒளி விழும் மட்டத்துக்கு மேலே இருக்கின்றன. இருளில் அது ஒரு பாறையைப் போல நின்றுகொண்டிருக்கும்.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 17 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் 22 மீட்டர். ஆபத்தைக் கண்டு, மனம் அதை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி ஆகிறது எனக் கொள்வோம். அதன் பிறகே வண்டி வேகம் குறையத் தொடங்கும். காய்ந்த சமதளச் சாலையில், நல்ல டயரோடு செல்லும் வண்டி 40-ல் நிற்க ஏறத்தாழ 27 மீட்டர் வேண்டும். 60-ல் 48 மீட்டர். 80-ல் 75 மீட்டர். ஈரச்சாலையிலும் இறக்கத்திலும் இத்தூரம் இன்னும் கூடும். டிம் லைட்டில் 30, 40 மீட்டருக்கு அப்பால் தெளிவாகத் தெரிவது அரிது. அப்படியானால், இரவில் 60-ல் செல்பவர் தாம் காணாத இடத்துக்குள் பாய்ந்துகொண்டிருக்கிறார் என்பதுதானே பொருள்?

இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவதன் சாரம் இதுவே: விளக்கின் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே இரவுக்குரிய வேகம். பனிமூட்டத்தில் அத்தூரம் பத்து மீட்டராகச் சுருங்கினால் வேகமும் அதற்கேற்ப நடைவேகமாகச் சுருங்க வேண்டும். வளைவில் விளக்கு நேரே பள்ளத்தை நோக்கியே ஒளி வீசும். சாலை திரும்பிய இடம் இருளில் கிடக்கும். ஆகவே, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் அதன் மறுபுறத்தில் ஒரு யானை நிற்பதாக எண்ணியே திரும்ப வேண்டும்.

பெட்ரோலை மிச்சப்படுத்த இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வண்டியை உருளவிடும் பழக்கம் நம்மிடையே சிலருக்கு உண்டு. இது மிகவும் ஆபத்தானது. என்ஜினின் பிடிமானம் போய்விடுவதால் பிரேக் மட்டுமே பாரத்தைத் தாங்குகிறது. விளக்கும் மங்கவோ அணையவோ கூடும். வண்டி ஓசையின்றி வருவதால் விலங்கும் நம்மை அறியாது. மிச்சமாகும் பெட்ரோலின் விலைக்கு ஓர் உயிரை ஈடாக வைக்கலாமா?

சாலையே நமக்குப் பல செய்திகளைச் சொல்கிறது. ஈரம் காயாத யானைச் சாணம், புதிதாய் முறிந்த கிளைகள், மூங்கில் ஒடியும் ஓசை, எதிரே வரும் வண்டிகள் விளக்கை அணைத்து எரித்துக் காட்டும் சைகை, இவற்றுள் எதைக் கண்டாலும் உடனே வேகத்தைக் குறைப்போம். சோதனைச் சாவடியிலும் தேநீர்க் கடையிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புறப்படுவது நன்று. மேலும், புதரை உரசியபடி சாலையின் ஓரத்தில் செல்லாமல், நமக்குரிய பாதியின் நடுவே செல்வோம். மேல்வரப்பிலிருந்து காட்டெருமையோ கடமானோ திடீரெனத் துள்ளிக் குதித்தால், அந்த ஒரு மீட்டர் இடைவெளியே நமக்கு உயிர் தரும்.

விலங்கு திடீரென எதிர்ப்பட்டால், வண்டியை நிமிர்த்தி, நேராக வைத்து, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்து இறுக்க வேண்டும். நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது, ஆனால், ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் அதை வெடுக்கெனப் பிடிக்காமல் படிப்படியாக அழுத்த வேண்டும். கடைசி நொடியில் வண்டியைச் சாய்த்து விலக முயல்பவர் பள்ளத்திலோ எதிரே வரும் லாரியிலோ போய் விழுகிறார். விலகியே ஆக வேண்டுமென்றால், விலங்கு போகும் திசைக்கு முன்னே அல்ல, அது வந்த திசையில், அதன் பின்புறமாக விலக வேண்டும். கடந்து சென்ற மான் ஒன்றே என்று எண்ணிவிடவும் கூடாது. புள்ளிமானும் காட்டெருமையும் கூட்டமாக வாழ்பவை. முதலாவது கடந்த பின் இரண்டாவது வரும் என்று காத்திருப்பதே அறிவுடைமை.

காட்டெருமை சாலையில் நின்றால், தொலைவிலேயே நின்று வழிவிட்டால் போதும். பெரும்பாலும் அது தானாகவே நகர்ந்துவிடும். தாய்க்கும் கன்றுக்கும் இடையே புகுந்து செல்வது மட்டும் ஆகாது. யானையிடமோ இன்னும் மிகுந்த அடக்கம் தேவை. அதைக் கண்டவுடன், இயன்றால் நூறு மீட்டர் தொலைவிலேயே நிற்போம். ஹாரன் அடிக்க வேண்டாம். ஹை பீம் விளக்கை அதன் முகத்தில் பாய்ச்ச வேண்டாம். 2017-க்குப் பின் வந்த வண்டிகளில் விளக்கு தானாகவே எரிவதால், அதை டிம் லைட்டில் வைப்போம். என்ஜினை நிறுத்தாமல் இருப்போம். யானை காதுகளை விரித்து, தலையை உயர்த்தி நம்மை நோக்கினால், அதுவே எச்சரிக்கை. இடமிருந்தால் வண்டியை நிதானமாகத் திருப்பிப் பின்வாங்குவோம். திருப்ப இயலாத நெருக்கடியில் வண்டியைக் காப்பாற்றும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். வண்டியை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

யானையைக் கண்டு பேருந்தும் லாரியும் வரிசையாக நிற்கும்போது, அவற்றின் ஓரமாக நுழைந்து நுழைந்து முன்னே போய் நிற்பவர்கள் யார்? பெரும்பாலும் இருசக்கர வண்டிக்காரர்களே! பாதுகாப்பு மிகக் குறைந்தவர் எல்லாருக்கும் முன்னே நிற்பது எவ்வளவு பேதைமை! கைபேசியில் படமெடுக்க நெருங்குவதும் அத்தகையதே. தமிழக, கருநாடக எல்லையிலுள்ள காரப்பள்ளம் சோதனைச் சாவடி அருகே, கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் சாலையில் நிற்பதை அவ்வழியே செல்பவர் அறிவர். நாம் வீசியெறியும் கரும்பும் பழமும் விலங்கைச் சாலைக்குப் பழக்கிவிடுகின்றன. இன்று நாம் கொடுத்த உணவுக்கு நாளை வரும் வேறொரு வழிப்போக்கர் விலை கொடுக்க நேரலாம்.

அரசும் நீதிமன்றமும் வகுத்துள்ள விதிகளைச் சிலர் தொல்லையாகக் கருதுகின்றனர். பந்திப்பூர்க் காட்டின் வழியே செல்லும் சாலை 2009-ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்கு மூடப்படுகிறது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. இவ்விதிகள் விலங்கை மட்டும் காக்கவில்லை, நம்மையும் காக்கின்றன. வால்பாறையிலோ, யானைகள் அருகில் இருப்பதைக் குறுஞ்செய்தியாலும், கைபேசி மூலம் எரியவிடும் சிவப்பு விளக்குகளாலும் ஊராருக்கு உணர்த்தும் ஏற்பாடு பல்லாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. எச்சரிக்கை கிடைக்கும் இடத்தில் அதைக் கேட்டு நடப்பது கோழைத்தனமா? அன்று, அது பொறுப்புணர்ச்சி.

இறுதியாக, வீட்டிலிருப்போருக்கு ஒரு வார்த்தை. மலைச்சாலையில் வரும் மகனையோ கணவரையோ விரட்டுவது பல நேரங்களில் யானை அன்று, நம் தொலைபேசி அழைப்பே! "இன்னுமா வரவில்லை? சாப்பாடு ஆறிப் போகிறதே" என்ற அன்பான கேள்வி, ஓட்டுபவரின் வேகத்தைக் கூட்டிவிடுகிறது. புறப்படும்போது ஒரு முறை சொல்லட்டும். வந்து சேரும் நேரத்தைத் தாராளமாகவே கணக்கிடுவோம். பல மலைப்பாதைகளில் கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்வோம். பொழுது சாய்ந்துவிட்டதா? வழியிலுள்ள உறவினர் வீட்டில் தங்கி, விடிந்து வெளிச்சம் பரவிய பின் வரும்படி நாமே சொல்வோம். அவ்வாறு தங்குவதற்கு வீட்டாரின் முழு மனத்தோடான அனுமதி உண்டு என்பதை, மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் கொடுக்கும் அன்றே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவோம்.