12 நிமிடத்தில் உறையும் ரத்தம்

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தால் பலரும் பற்பசையை மாற்றுகிறார்கள். பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் கிளினிக்குக்குப் போகிறார்கள். அதற்குள் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, வேரோரம் குழி விழுந்திருக்கும். அந்தக் குழிக்கு நோயாளியின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து மருந்து செய்யும் முறைக்குப் பிஆர்எஃப் (தட்டணு செறிந்த ஃபைப்ரின்) என்று பெயர். பிரான்சின் ஜோசப் ஷுக்ரூன் குழுவினர் 2001-ல் அறிமுகப்படுத்தியது.

எப்படி இயங்குகிறது? பாலும் தயிரும் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த வேலைதான்.

பாலில் இரண்டு காரியம் நடக்கும். சும்மா வைத்தால் லேசான கொழுப்பு மேலே ஏறும். உறை ஊற்றினால் மொத்தமும் கட்டியாகும். பிஆர்எஃப்-இல் இரண்டையும் ஒரே நேரத்தில் நடக்கவிடுகிறார்கள். ஏறக்குறைய 10 மில்லி பிடிக்கும் குழாயில் ரத்தத்தை எடுத்து, நிமிடத்துக்கு 2,700 சுற்று வேகத்தில் 12 நிமிடம் சுழற்றுவார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் இறங்கும், மஞ்சள் திரவம் மேலே ஏறும், நடுவில் கட்டி உறையும். உறைமோர் வேலையைச் செய்வது குழாயின் கண்ணாடிச் சுவர்தான். ரத்தம் அதில் பட்டதுமே உறையத் தொடங்கிவிடும். அதனால் ஊசியை எடுத்த கையோடு குழாய் இயந்திரத்துக்குப் போயாக வேண்டும். சில நிமிடம் தாமதித்தால், ஆடை பிரியும் முன்பே தயிரான பால் மாதிரி எல்லாம் கலந்து உறைந்துவிடும்.

தயிரில் வேலை செய்வது நுண்ணுயிர். இங்கே அப்படி எதுவும் இல்லை. ரத்தத்திலேயே உருவாகும் திராம்பின் என்ற நொதி, ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை வெட்டி நூல்நூலான ஃபைப்ரினாக மாற்றுகிறது. நிதானமாக உறைவதால் வலை மென்மையாகவும் இழுபடுவதாகவும் அமைகிறது. இதற்கு முந்தைய பிஆர்பி (தட்டணு செறிந்த பிளாஸ்மா) முறையில், உறையாமல் தடுக்கும் மருந்து கலந்து சுழற்றிய பிறகு, மாட்டிலிருந்து எடுத்த திராம்பினைச் சேர்த்துச் சட்டென்று உறைய வைத்தார்கள். அந்தத் திராம்பின் ஏறிய சிலருக்கு, தங்கள் சொந்த உறைபொருளையே தாக்கும் எதிர்ப்பொருள் உண்டானது. இவையெல்லாம் தேவையில்லை என்பதே பிஆர்எஃப்-இன் பெரிய சிறப்பு என்று நினைக்கிறேன்.

உறைந்த கட்டியை இடுக்கியால் தூக்கி, சிவப்புப் பகுதியை வெட்டி நீக்குவார்கள். ஒட்ட வெட்டமாட்டார்கள்; தட்டணுக்களும் வெள்ளணுக்களும் அந்த எல்லையில்தான் நெருக்கமாக இருக்கும். பிறகு தயிரைத் துணியில் கட்டி நீர் வடிப்பதுபோல, துளைத்தட்டுள்ள பெட்டியில் வைத்து மெல்ல அழுத்துவார்கள். கிடைப்பது தையல் தாங்கும் ஒரு சவ்வு. வடிந்த நீரும் வீணில்லை, குழியை நிரப்பும் எலும்புத் துகளை நனைக்க உதவும். ஈறைத் திறந்து, வேரைச் சுத்தம் செய்து, குழிக்குள் சவ்வை வைத்துத் தைப்பார்கள். வலையில் சிக்கிய தட்டணுக்கள் ஒரு வாரத்துக்கு மேல் வளர்ச்சிக் காரணிகளைச் சிறிது சிறிதாக விடும். அவை புது ரத்தக் குழாய்களையும் திசு கட்டும் செல்களையும் அங்கே வரவழைக்கும்.

பலன் உண்டா? பெங்களூரு அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் சர்மா, பிரதீப் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று பக்கமும் எலும்புச் சுவர் உள்ள குழிகளை 9 மாதம் கழித்துப் பார்த்தார்கள். பிஆர்எஃப் வைத்த குழிகளில் சராசரியாக 48 சதவீதம் எலும்பு நிரம்பியிருந்தது. திறந்து சுத்தம் மட்டும் செய்தவற்றில் 2 சதவீதம்கூட இல்லை. எல்லா ஆய்விலும் இவ்வளவு வித்தியாசம் வரவில்லை. சுவரே இல்லாமல் எலும்பு மட்டமாகக் கரைந்திருந்தால் சவ்வு பெரிதாக உதவாது. புகைபிடிப்பவருக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் ஈறு ஆறுவதே தாமதமாகும்.

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் இந்தச் சிகிச்சைக்கு இன்னொரு முகம் உண்டு. தமிழ் முஸ்லிம்களும் இந்துக்களும் பக்கத்துப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் தெரு அது. பல் சிகிச்சையில் பரவலாகப் பயன்படும் கொலாஜன் சவ்வுகளில் சில பன்றியிடமிருந்து வருபவை. எலும்புத் துகள்களில் சில மாட்டிடமிருந்து வருபவை. இரண்டு வீட்டாருக்கும் மனம் ஒப்பாத பொருள் சிகிச்சைப் பெட்டிக்குள் இருக்கக்கூடும். சொந்த ரத்தத்தில் செய்த சவ்வுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஆனால் குழி பெரிதாக இருந்தால் சவ்வோடு துகளையும் கலப்பார்கள். செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் துகளும் கிடைக்கிறது. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும் முன்பே, எந்தத் துகள், எதிலிருந்து எடுத்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.