சீனி வருத்தம்: ஜிபியிடம் கேட்க வேண்டிய ஒன்று

ஹீத்ரோவில் இரவு வேலை, பகலில் உறக்கம் என்று ஓடும் ஹவுன்ஸ்லோ உறவுகளில் சிலர், ‘சீனி எல்லையில் இருக்கிறது’ என்று ஜிபி சொன்னாலும், மருந்து தரவில்லையே என்று அதை மறந்துவிடுகிறார்கள். கவனிக்க வேண்டிய நேரமே அதுதான்.

சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர், இதுபோன்ற எல்லையில் இருந்தவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வழமையான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சீனி வருத்தம் வந்தது. தினமும் அரை மணி நேரம் நடக்கவும் உணவைத் திருத்தவும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 பேருக்கே வந்தது.

இத்தகைய ஆய்வுகளின் பயனே என்எச்எஸ் நடத்தும் இலவச நீரிழிவுத் தடுப்புத் திட்டம். எச்பிஏ1சி அளவு 42 முதல் 47 வரை இருந்தால் ஜிபி அதற்கு அனுப்பலாம். அம்மா, அப்பாவின் பரிசோதனை முடிவில் அந்த எண்ணைப் பாருங்கள். அவர்களுக்காக நீங்களே கேளுங்கள்.