கரை தொட்டவர்கள் – 9: ஞானப்பிரகாசர் குளமும் ஒரு விண்ணப்பப் படிவமும்

சிதம்பரம் போகிறவர்கள் பெரும்பாலும் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நடந்தால் ஞானப்பிரகாசர் குளம் இருக்கிறது. கோயில் தெப்பம் ஓடுவது அங்கேதான். அந்தக் குளத்தை வெட்டியவர் உள்ளூர்க்காரர் அல்லர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்தவர். போர்த்துக்கீசர் ஆட்சியில், வீட்டுக்கு ஒரு பசு என்று முறை வைத்து அதிகாரியின் சாப்பாட்டுக்குக் கொடுக்க வேண்டியிருந்ததாம். தன் வீட்டு முறை வருவதற்கு முந்தைய இரவே அவர் கடலைத் தாண்டிவிட்டார் என்பது யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. வந்தவர் துறவியானார், சிதம்பரத்தில் மடம் கட்டினார், குளம் வெட்டினார்.

ஆட்சிக்குப் பயந்து இரவோடு இரவாகக் கடல் கடந்து வந்த மனிதர். யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்கி வரவில்லை. நம் குடியுரிமைச் சட்டத்தில் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் எழுதிச் சேர்த்த விளக்கத்தை அவர்மேல் வைத்துப் பார்த்தால், ஞானப்பிரகாசர் ஒரு சட்டவிரோதக் குடியேறி.

வாதத்துக்காக இதைச் சொல்லவில்லை. சிதம்பரத்துக்கும் ஈழத்துக்கும் இருந்த போக்குவரத்து அவ்வளவு சாதாரணமானது. ஆறுமுக நாவலர் 1864இல் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1931இல் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக நாற்காலியில் அமர்த்தியது மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளை. வந்தார்கள், கற்பித்தார்கள், சிலர் இங்கேயே தங்கினார்கள், சிலர் திரும்பிப் போனார்கள். அவர்களை வந்தேறி என்று இந்த ஊர் ஒருநாளும் நினைத்ததில்லை.

1983 ஜூலைக்குப் பிறகு வந்தவர்கள் கதை வேறு. கொழும்பில் தொடங்கிய கலவரத்துக்குப் பின் 1987 இந்திய – இலங்கை ஒப்பந்தம் வரைக்கும் மட்டும் 1,34,053 பேர் தமிழ்நாட்டுக் கரையை வந்தடைந்ததாக அரசுக் கணக்கு. பிறகு 1989இலும் 1996இலும் 2006இலும் அலை அலையாக வந்து, மொத்தம் மூன்று லட்சத்தைத் தாண்டியது. பலர் திரும்பிப் போனார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். அண்மைக் கணக்குகளில் முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர், வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் 34,000 பேர். நம் கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை, விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில் என நான்கு இடங்களில் முகாம்கள் இருக்கின்றன.

அப்படியொரு முகாமில் ஒரு ஜூன் மாத மாலையில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பத்துக்குப் பத்து அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சூடு தலையில் இறங்குகிறது. கணவர் பெயிண்டிங் வேலைக்குப் போயிருக்கிறார். முகாம் ஆண்களில் பாதிப்பேருக்கு அதுதான் பிழைப்பு. பிளஸ் டூ முடித்த மகள் தரையில் உட்கார்ந்து ஒரு கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயர், பிறந்த தேதி, தாய்மொழி எல்லாம் மளமளவென்று எழுதியவள், ஒரு கட்டத்தில் பேனாவைத் தூக்கிவிட்டாள். அந்தக் கட்டத்தில் கேட்டிருந்தது: நாட்டுரிமை.

“இந்தியன்னு போட்டுடவாம்மா?”

“பொய் எழுதக் கூடாது பிள்ளை. பிறகு அதையே பிடிச்சுக் கேப்பினம்.”

“அப்ப என்னத்தப் போடுறது? சிலோனை நான் பார்த்ததே இல்லையே.”

தாய் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, “நான் வரேக்குள்ள எனக்குப் பதினொரு வயசு ஐயா. தொண்ணூறாம் ஆண்டு. தலைமன்னாரால ஏறினனாங்கள். ஓட்டி எங்களை மணல்திட்டில இறக்கி விட்டுட்டுப் போயிட்டான். விடியும் வரைக்கும் இடுப்பளவு தண்ணியில நிண்டனாங்கள்” என்றார். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து குடும்ப அட்டையை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறை ஓரங்களில் பிரிந்து, உள்ளே ஈரம் ஏறி, புகைப்படத்தில் முகங்கள் பாதி வெளுத்துவிட்டன. அட்டையின் எண் மட்டும் தெளிவாக இருந்தது.

கவனித்தீர்களா, மகள் பேசியது குறிஞ்சிப்பாடித் தமிழ். தாய் பேசியது மன்னார்த் தமிழ். இருவருக்கும் நடுவே ஒரு கடல். அந்தக் கடலை மகள் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை.

அந்தக் கட்டத்தை அவள் எப்படி நிரப்புவது? சட்டத்தைப் புரட்டினால் எல்லாம் தேதிக் கணக்கு. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமகன். அதன் பிறகு பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிடி இன்னும் இறுகியது: ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. குறிஞ்சிப்பாடியில் பத்துத் தலைமுறையாக வாழும் குடும்பத்துப் பையன் முகாம் பெண்ணைக் கட்டிக்கொண்டால் அவர்கள் பிள்ளைக்கு என்ன ஆகும்? தகப்பன் இந்தியன், பிறந்தது கடலூர் அரசு மருத்துவமனையில். ஆனாலும் தாய் கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவள் என்பதால் அந்தக் குழந்தை பிறப்பால் இந்தியக் குடிமகன் ஆகாது. இதை முகாமுக்கு வெளியே யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள்.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், இந்தத் தேதிக் கணக்கு தனக்குச் சாதகமாக இருப்பதைக் கண்டுகொண்டு நீதிமன்றம் போனார். 2022இல் மதுரைக் கிளை அவருக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் ஓட்டுப் போட்டார். முகாமிலிருந்து முதல் ஓட்டு. ஒன்றரை ஆண்டு தாமதித்துப் பிறந்திருந்தால் அந்த விரலில் மை இருந்திருக்காது.

2019 ஜூன் 17 அன்று அதே மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தந்த தீர்ப்பையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். வழக்குத் தொடுத்தவர்கள் மலையகத் தமிழர்கள், 65 பேர். இந்த மண்ணிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரன் பேத்திகள். 1948இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதாகவும் பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களில் ஒரு பகுதியினர் கலவரத்துக்குப் பயந்து படகேறி வந்தபோது, தாத்தாவின் ஊரிலேயே அவர்கள் அந்நியர்கள். அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலித்து முடிவெடுக்குமாறு நீதிபதி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார்.

முடிவு வரவில்லை. மாறாக, அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் இனிமேல் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர் என்றது. ஒரு சட்டப்பிரிவு நினைத்தால் அந்தப் பெயரை அழித்துவிடலாம் என்பது அன்று நிரூபணமானது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன அ.தி.மு.க. உறுப்பினர்கள் அந்த மசோதாவை ஆதரித்து வாக்களித்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

குடியுரிமை தராததற்குக் காரணம் பாதுகாப்பு என்கிறார்கள். அந்தக் கவலையை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலை இந்த நாட்டின் நெஞ்சில் இருக்கிறது. அடுத்த வருடமே திருப்பி அனுப்பும் படலம் தொடங்கி, 1995க்குள் 54,000 பேர் கப்பலேற்றப்பட்டார்கள். ஆனால் நன்றாக யோசித்துப் பாருங்கள். உலகம் முழுக்க இப்போது நடக்கும் ஊடுருவல் விவாதத்தின் வேர், உள்ளே இருப்பது யார் என்று தெரியாத பயம். முகாம்காரர்களோ, இந்தியாவில் அரசுக்கு மிக நன்றாகத் தெரிந்த மக்கள். பெயர், விரல் ரேகை, புகைப்படம், காவல்துறை கியூ பிரிவின் கோப்பு. பதிவு நாளில் குடும்பத்தோடு வரிசையில் நின்று தலையெண்ணப்பட்டால்தான் உதவித்தொகை. வெளியூர்ச் சாவுக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 40 வருடமாக எண்ணப்பட்டுவரும் மக்களை ஊடுருவியவர் என்று அழைப்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

2025 மே 19 அன்று உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று, 140 கோடிப் பேரோடு திணறும் இந்தியா, எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துக்கொள்ள ஒன்றும் தர்மச்சாலையல்ல என்ற பொருளில் சொன்னது. பயங்கரவாதத் தடுப்பு வழக்கில் தண்டனை பெற்ற ஓர் இலங்கைத் தமிழரின் மனுவில் தலையிட மறுத்தபோது சொன்னது அது. அந்த வழக்கில் அந்த முடிவுக்குக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் அந்த ஒரு மனுவோடு நிற்கவில்லை. முகாம்களில் அதைக் கேட்டவர்கள் தங்களைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்து ஊர் வடலூர். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் 1867 மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. இலையில் உட்கார்ந்தவரிடம் எந்த ஊர், எந்தச் சாதி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தர்மச்சாலை என்ற சொல் எங்கள் மாவட்டத்தில் மனிதர்களை அரவணைக்கும் சொல். விரட்டுவதற்கான சொல்லாக அதைக் கேட்க எங்களுக்கு வலிக்கிறது.

திரும்பிப் போகட்டுமே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போக விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஊர் திரும்புவதை மனதில் வைத்தே இளைஞர்களைப் படிக்கவைத்தது. ஆனால் 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் பலாலி விமான நிலையத்தில் இறங்கிய ஒரு முதியவரை, அந்தக் காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறிய குற்றத்துக்காக இலங்கை அதிகாரிகள் கைது செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. ஓடி வந்ததற்கு இங்கே ஒரு பெயர், ஓடிப் போனதற்கு அங்கே ஒரு வழக்கு.

வெளிநாட்டுச் சட்டம் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. பரங்கிப்பேட்டையிலும் சிதம்பரம் சுற்றுவட்டாரத்திலும் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ ஆள் அனுப்பாத தெரு இல்லை. விசா முடிந்து மாட்டிக்கொண்டவரை வளைகுடாவில் கல்லிவல்லி என்பார்கள். அவர் அவுட்பாஸ் என்ற அவசரப் பயணச் சீட்டில் வந்து சேரும்வரை வீட்டில் உலை கொதிக்காது. அந்த நாடுகளின் சட்டம் கடுமையானது; ஆனாலும் ஐக்கிய அமீரகம் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பொது மன்னிப்பு அறிவித்து, அபராதமில்லாமல் ஊர் திரும்பவோ ஆவணத்தைச் சரிசெய்து அங்கேயே தங்கவோ வழி திறந்தது. நம் பிள்ளைகளுக்காக நாம் அங்கே எதிர்பார்க்கும் பெருந்தன்மை அது.

தமிழக அரசு 2021இல் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. 7,469 வீடுகள் கட்டித் தருவதாகச் சொன்னது; அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நல்ல காரியம். ஆனால் குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை. 2025 செப்டம்பரில் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மத்திய அரசும் ஒரு படி இறங்கி வந்தது: 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், கடவுச்சீட்டு, விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று ஆணையிட்டது. வரவேற்கிறேன். தண்டிக்க வேண்டியவர்கள் அல்லர் என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகு, குடியுரிமைச் சட்டத்தில் அவர்கள் நெற்றியில் அந்தப் பெயர் இன்னும் எதற்கு? மூன்று நாட்டுக்காரர்களுக்குச் செய்தது போல அதை அழிக்க ஒரு சட்டப்பிரிவு போதும்.

அந்த மாணவி கடைசியில் கட்டத்தில் ‘இலங்கை அகதி’ என்று எழுதினாள். எழுதி முடித்துவிட்டுப் படிவத்தை மடித்து, அம்மாவின் பெட்டியில் அந்தப் பழைய அட்டைக்கு மேலேயே வைத்தாள்.

குறிஞ்சிப்பாடி, கடலூர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் தொகுதியில் இருக்கிறது. முகாமில் இருப்பவர்கள் அந்த இரண்டு உறுப்பினர்களிடமும் ஓட்டை வைத்துக் கேட்க முடியாது. கடலூரிலும் சிதம்பரத்திலும் இதைப் படிப்பவர்கள் கேட்க முடியும். ஒரு தபால் அட்டை போதும். கேளுங்கள்.

(தொடரும்)