முகம் மறைத்த இறைவனைத் தேடும் மக்கள்

இறைவனின் பெயரே இல்லாத ஒரு வேதநூல் இருக்க முடியுமா? தேவாரத்தில் சிவபெருமான் பெயரே இல்லை என்று யாராவது சொன்னால் நாம் நம்புவோமா? ஆனால், யூத மக்களின் வேதத் தொகுப்பில் அப்படியும் ஒரு நூல் இருக்கிறது. எஸ்தர் என்பது அதன் பெயர். கிறிஸ்தவ அன்பர்கள் பழைய ஏற்பாட்டில் அதைப் படித்திருப்பார்கள். எபிரேய மூலத்தில் 10 அதிகாரங்கள், 167 வசனங்கள். அரசனைப் பற்றிய பேச்சு மீண்டும் மீண்டும் வருகிறது. ஆண்டவனின் பெயரோ ஓரிடத்தில்கூட இல்லை.

அந்த நூலைத்தான் யூதர்கள் ஆண்டுதோறும் பூரிம் திருநாளன்று தோல் சுருளிலிருந்து முழுமையாகப் படிக்கிறார்கள். ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், துன்பம் வரும்போதெல்லாம் "கடவுளுக்குக் கண்ணில்லையா?" என்று கேட்கும் நமக்கும் சிந்திக்க ஏதேனும் கிடைக்கும்.

யூதர்கள் நமக்கு எட்டாத தூரத்து மக்கள் என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் கிருஷ்ணன் கோயிலுக்கும் குவான் இம் கோயிலுக்கும் போகிறவர்கள், அதே தெருவில் 1878இல் திறக்கப்பட்ட மாகேன் அபோத் என்னும் யூதத் தொழுகைக்கூடத்தைப் பார்த்திருக்கலாம். 1955இல் சிங்கப்பூரின் முதலாவது முதலமைச்சரான டேவிட் மார்ஷலும் ஒரு யூதரே.

அரசனுக்குத் தூக்கம் வராத இரவு

எஸ்தர் கதை பாரசீகப் பேரரசின் சூசான் நகரில் நடக்கிறது. இன்று அந்த இடம் ஈரான் நாட்டில் உள்ளது. எஸ்தர் தாய் தந்தையை இழந்த யூதப் பெண். அண்ணன் முறையான மொர்தெகாய் அவளை வளர்த்தார். அரசன் அகாஸ்வேரு அவளை மணந்து அரசியாக்கினான். தான் யூதப் பெண் என்பதை அவள் வெளியில் சொல்லவில்லை.

மந்திரி ஆமானுக்கு மொர்தெகாய் மேல் தீராத கோபம். காரணம், எல்லாரும் ஆமானை வணங்கினர். மொர்தெகாய் மட்டும் வணங்கவில்லை. ஒருவர் மேல் கொண்ட கோபத்துக்காக ஓர் இனத்தையே ஒரே நாளில் அழிக்க ஆமான் ஆணை பெற்றான். நாள் குறிக்கச் சீட்டுப் போட்டான். சீட்டுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'பூர்'. பூரிம் என்னும் திருநாள் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

அழைப்பின்றி அரசன் முன் போனால் உயிர் தப்புவது அரிது. தயங்கிய எஸ்தருக்கு மொர்தெகாய் சொல்லி அனுப்பினார்: இப்படிப்பட்ட வேளைக்காகவே நீ அரசியானாயோ, யாருக்குத் தெரியும்? எஸ்தர் மூன்று நாள் நோன்பிருந்து, துணிந்து போனாள்.

இதற்கிடையில் ஓர் இரவு அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. அரண்மனைக் குறிப்பேட்டைப் படிக்கச் சொன்னான். முன்பொரு நாள் மொர்தெகாய் தன் உயிரைக் காத்ததும், அதற்குக் கைம்மாறு செய்யாததும் அப்போதுதான் தெரியவந்தது. அங்கிருந்து எல்லாமே தலைகீழாகிறது. மொர்தெகாய்க்கென்று நட்ட தூக்குமரத்தில் ஆமானே தொங்கினான்.

கடல் பிளக்கவில்லை, வானிலிருந்து குரல் கேட்கவில்லை. ஒரு மனிதனுக்குத் தூக்கம் வரவில்லை, ஒரு பெண் பயத்தை வென்றாள், அவ்வளவுதான். வரலாற்று ஆய்வாளர் பலர் இதை நடந்த வரலாறாகவே ஏற்பதில்லை. ஆனால், யூதப் பெரியவர்கள் இக்கதையில் கண்ட உண்மை வேறு.

உபாகமம் 31ஆம் அதிகாரத்தில், மக்கள் நெறி தவறும்போது தம் முகத்தை மறைத்துக்கொள்வதாக இறைவன் கூறுகிறார். மறைப்பேன் என்னும் எபிரேயச் சொல் 'அஸ்தீர்'. எஸ்தர் என்னும் பெயரும் கிட்டத்தட்ட அதே ஒலிதான். இந்த ஒற்றுமையைத் தால்முத் என்னும் பெருநூல் சுட்டிக் காட்டுகிறது. பெயர் இல்லாத இடத்திலும் அவன் இருக்கிறான்; திரைக்குப் பின்னால் இருக்கிறான் என்பது அவர்கள் கொண்ட பொருள். சைவ சித்தாந்தமும் இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்றாக மறைத்தலைச் சொல்வது நாம் அறிந்ததே. இரண்டும் ஒன்றல்ல, ஆயினும் மறைந்திருப்பது வேறு, இல்லாதிருப்பது வேறு என்பதை இரு சாராரும் அறிந்திருந்தனர்.

விழித்தது முதல் உறங்கும் வரை

சரி, மறைந்திருப்பவனை எங்கே தேடுவது? நாள்தோறும் செய்யும் சின்னஞ்சிறு காரியங்களில் தேடு என்கிறது யூத நெறி.

காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே நன்றி சொல்ல வேண்டும். ரொட்டிக்கு ஒரு வாழ்த்து, பழத்துக்கு வேறொரு வாழ்த்து. இடி முழங்கினால் ஒன்று, வானவில் தெரிந்தால் மற்றொன்று. கழிவறைக்குப் போய்க் கை கழுவிய பின்பும் ஒரு வாழ்த்து உண்டு. உடம்பின் வாயில்கள் திறக்க வேண்டிய நேரத்தில் திறந்து, மூட வேண்டிய நேரத்தில் மூடுவதற்கு அந்த நன்றி. கேட்கும்போது சிரிப்பு வரலாம். சிறுநீரகக் கோளாறால் அவதிப்படுகிறவர் சிரிக்க மாட்டார்! இப்படி ஒரு நாளைக்கு 100 வாழ்த்துகள் சொல்ல வேண்டும் என்கிறது தால்முத்.

வீட்டு நிலைக்காலில் மெசுசா என்னும் சிறு கூடு பதித்திருக்கும். உள்ளே வேத வசனம் எழுதிய தோல்சுருள். வரும்போதும் போகும்போதும் பலர் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன் வீட்டுப் பெண் விளக்கேற்றுவாள், ஓய்வுநாள் பிறந்துவிடும். இவை எல்லாமே கண்ணுக்குத் தெரியாதவனை மறவாமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடுகள்.

நரி ஓடிய கருவறை

கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் கோயிலைத் தரைமட்டமாக்கினர். பலியிடப் பீடம் இல்லை; கூடுவதற்குத் திருத்தலம் இல்லை. அதோடு சமயமும் அழிந்திருக்க வேண்டும். ஆனால், யோகனான் பென் சக்காய் என்னும் பெரியவர் யாவ்னே என்ற ஊரில் அறிஞர்களைக் கூட்டிக் கல்வியைக் காத்தார். வீட்டுச் சாப்பாட்டு மேசையே இனிப் பலிபீடம் என்று பெரியவர்கள் போதித்தனர்.

தால்முத்தில் ஒரு கதை உண்டு. இடிந்த கோயிலின் கருவறை இருந்த இடத்திலிருந்து ஒரு நரி வெளியே ஓடிவந்ததாம். கண்ட பெரியவர்கள் அழுதனர். ரபி அக்கிவா மட்டும் சிரித்தார். காரணம் கேட்டபோது, அழிவு வரும் என்று முன்னோர் சொன்ன வாக்குப் பலித்துவிட்டது. ஆகவே மறுபடி எழும் என்று சொன்ன வாக்கும் பலிக்கும் என்றார்.

வார்சாவில் எழுந்த கேள்வி

ஆனால், எல்லாக் காலத்திலும் அப்படிச் சிரித்துவிட முடியுமா? இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றனர். எஸ்தர் காலத்து ஆமான் தோற்றான். இங்கே காப்பாற்ற யாரும் வரவில்லை.

போலந்தின் வார்சா நகரில் 1940 நவம்பரில் நான்கு லட்சம் யூதர்களுக்கு நெருக்கமாக ஒரு மதிலுக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ரபி கலோனிமஸ் கல்மான் ஷபீரா. போர் தொடங்கிய 1939 செப்டம்பரிலேயே குண்டுவீச்சுக்கு ஒரே மகனைப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தோடும் 1942 கோடை வரை மக்களுக்கு உரையாற்றி, உரைகளை எழுதியும் வைத்தார். இறைவன் முகம் மறைத்திருப்பது அலட்சியத்தால் அல்ல, உள்ளறையில் தனியே அழுதுகொண்டிருப்பதால்தான். வேதம் ஓதுகிறவன் அந்த அறைக்குள் சென்று அவனோடு சேர்ந்து அழலாம் என்பது தால்முத்தை ஒட்டி அவர் தந்த போதனை. 1943 நவம்பரில் அவரும் கொல்லப்பட்டார். மண்ணில் புதைத்து வைத்த அவருடைய ஏடுகள் போருக்குப் பின் கண்டெடுக்கப்பட்டு, 1960இல் இஸ்ரேலில் நூலாயின.

எல்லா யூதர்களும் இந்த விடையை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வரலாற்றை நடத்தும் கடவுளை இனி நம்ப இயலாது என்று அமெரிக்க ரபி ரிச்சர்ட் ரூபன்ஸ்டைன் 1966இல் எழுதினார். மனிதன் சுதந்தரமாக நன்மையையோ தீமையையோ தேர்ந்துகொள்ள வேண்டுமானால் இறைவன் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும் என்று எலியேசர் பெர்க்கோவிட்ஸ் 1973இல் எழுதினார். வாதம் இன்னும் முடியவில்லை. மாண்ட குழந்தைகளின் முன்னால் எந்த விடையும் சிறியதே.

அப்படியிருந்தும் பூரிம் ஆண்டுதோறும் வருகிறது. அந்த நாளில் சுருளைப் படித்தால் மட்டும் போதாது. நண்பருக்குத் தின்பண்டம் அனுப்ப வேண்டும். குறைந்தது இரண்டு ஏழைகளுக்காவது தானம் கொடுக்க வேண்டும். கூடி உண்டு மகிழவும் வேண்டும். இது அவர்களுடைய சமயக் கட்டளை.

வாசக அன்பர்களே! இறைவன் ஏன் முகம் மறைக்கிறான் என்ற கேள்விக்கு அறிஞர்களே இன்னும் முடிவு காணவில்லை. ஆனால், எஸ்தர் தன் முகத்தை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள்ளேயே இருந்திருந்தால் அந்தக் கதையே இல்லை. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்த பிறகும் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருப்போமாக. மறைந்திருப்பவனை அந்த வீட்டார் அன்று ஒரு வேளை காணவும் கூடும்.