முழங்காலும் பொறுமையும்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், யானை படுத்திருப்பது போன்ற மலையின் நிழலில் இருக்கிறது ஒத்தக்கடை. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் மாலை வேளையில் வாலிபர்கள் சடுகுடு ஆடுவார்கள். தை பிறந்துவிட்டால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வாடிவாசல்கள் அவர்களை அழைக்கும். ஓடி வந்து, காலை ஊன்றி, உடம்பைச் சட்டென்று திருப்புவதுதான் இவ்விளையாட்டுகளின் ஜீவன். முழங்காலுக்கு ஆபத்து நேர்வதும் அந்தக் கணத்திலேதான். உள்ளே 'மடக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். சில மணி நேரத்தில் மூட்டு பலாக்கொட்டையாக அல்ல, பலாப்பழமாகவே வீங்கிவிடும்.

பரீட்சித்துப் பார்த்த டாக்டர், "ஜவ்வு அறுந்துவிட்டது" என்கிறார். ரண சிகிச்சையும் செவ்வனே நடந்தேறுகிறது. வீட்டிலுள்ளவர்கள், "ஆபரேஷன் ஆகிவிட்டது, இனிப் பிள்ளை எழுந்து நடக்க வேண்டியதுதான் பாக்கி" என்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்தப் பாக்கியில்தான் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மூட்டின் அமைப்பு

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம் முழங்கால். முன்னால் காவலாகச் சில்லு எலும்பு. நடுவே அதிர்ச்சியைத் தாங்கப் பிறை வடிவான இரண்டு குருத்தெலும்புகள். எலும்புகளை இறுக்கிப் பிடிக்க நான்கு முக்கியமான ஜவ்வுகள். அவற்றுள் மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் முன் ஜவ்வு, கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் காக்கிறது. விளையாட்டுக்காரர்களுக்குப் பெரும்பாலும் அறுந்து போவது இதுவே.

அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக, நோயாளியின் தொடைப் பின்புறத்திலிருந்தோ சில்லின் கீழிருந்தோ நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். இது நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவது போன்ற காரியம். நட்ட நாற்று முதலில் வாடும். பிறகுதான் வேர் பிடித்துப் பச்சை கட்டும். பொருத்திய நாரும் அப்படியே. புதிய ரத்த ஓட்டம் அதில் பரவி, அது மெய்யான ஜவ்வைப் போல மாறப் பல மாதங்கள் ஆகின்றன. ஏறக்குறைய 6-வது வாரத்திலிருந்து 12-வது வாரம் வரையில் அது மிகவும் பலவீனமாக இருக்கும். விந்தை என்னவென்றால், நோவு தணிந்து, வீக்கம் வடிந்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று நோயாளி மார்தட்டத் தொடங்குவதும் அதே சமயத்தில்தான். நோவு நீங்கியதைக் குணமாகிவிட்டதன் அடையாளமாக எண்ணுவதால் விளையும் கேடு கொஞ்சநஞ்சமல்ல.

யுத்தம் கற்பித்த பாடம்

ஒரு காலத்தில் இத்தகைய காயங்களுக்கு நீண்ட நாள் படுக்கையே மருந்தாகக் கருதப்பட்டது. இரண்டாவது மகா யுத்தத்தின்போது சிகாகோ நகரத்து ராணுவ ஆஸ்பத்திரியில் காலில் அடிபட்ட சிப்பாய்கள் நிரம்பியிருந்தார்கள். அங்கே தாமஸ் டிலார்ம் என்ற இளம் டாக்டர், பலவீனமான தொடைச் சதைகளுக்குப் பளுவைச் சிறிது சிறிதாக ஏற்றிக் கொடுக்கும் முறையைக் கையாண்டார். அந்த அனுபவத்தை 1945-ல் வெளியிட்டார். சதைக்கு வேலை கொடுத்தால்தான் பலம் வரும். ஆனால் அந்த வேலை அளவறிந்து ஏற வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. இன்றைய இயன்முறை வைத்தியத்தின் அஸ்திவாரங்களில் இதுவும் ஒன்று.

ஐந்து படிகள்

முதல் இரண்டு வாரங்களில் வீக்கத்தைக் குறைப்பதும், காலை முழுவதும் நீட்டுவதும், உறங்கிப்போன தொடை முன்சதையை எழுப்புவதுமே வேலை. மூட்டில் நீர் கோத்தால் அந்தச் சதை தானாகவே செயலற்றுப் போகும். காலை நீட்டி, முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்துக் கீழே அழுத்துவது எளிய பயிற்சிதான். ஆனாலும் அதன் பலன் பெரிது. காலை மடக்குவதைப் பற்றியே எல்லாரும் கவலைப்படுகிறார்கள். நீட்ட முடியாமற்போனால் நொண்டல் நிலைத்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது படி 6-வது வாரம் வரையில். ஊன்றுகோலை விட்டு நொண்டாமல் நடப்பதும், மெல்ல மெல்லக் காலை மடக்குவதும், ஓடாத சைக்கிளில் பெடல் மிதிப்பதும் இக்காலத்துக்கு உரியவை. மூன்றாவது படியில், அதாவது 3-வது மாதம் வரையில், அரைக் குந்தலும் படியேறுதலுமாகச் சதைக்குப் பலம் கூட்டுகிறார்கள். நட்ட நாற்றைக் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டிய காலம் இது. நான்காவது படியில், 6-வது மாதம் வரையில், சதையின் பலத்தைச் சோதித்த பிறகு நேர்கோட்டில் ஓட்டம். ஐந்தாவதில்தான் தாவுதலும், சட்டென்று திரும்புதலும். நோயாளிக்கு நோயாளி இந்தக் கணக்கு மாறும். குருத்தெலும்பையும் சேர்த்துத் தைத்திருந்தால் இன்னும் நிதானம் தேவை.

ஒரு படியிலிருந்து மறுபடிக்கு ஏற்றுவது பஞ்சாங்கம் அல்ல, பரீட்சை. ஒற்றைக் காலால் தாவச் சொல்லித் தூரத்தை அளக்கிறார்கள். தொடையின் பலத்தை அளக்கிறார்கள். நல்ல காலோடு ஒப்பிடும்போது 100-க்கு 90 பங்காவது தேற வேண்டும். 106 பேரை இரண்டு ஆண்டு கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதன் அவசியத்தைக் காட்டிற்று. பரீட்சையில் தேறாமலே ஆட்டத்துக்குத் திரும்பியவர்களில் 100-க்கு 38 பேருக்கு மறுபடியும் முழங்காலில் அடிபட்டது. தேறியவர்களில் ஆறு பேருக்குக்கூட இல்லை. 9-வது மாதம் வரையில், திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

சின்னப்பம்பட்டி வீரர்

நம் நாட்டு உதாரணமும் உண்டு. சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி. நடராஜன், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் அரங்கேறிய பெருமைக்குரியவர். அப்பயணத்துக்குப் பின் முழங்காலுக்குப் பயிற்சி பெற்று மீண்டும் ஆடினார். 2021-ம் வருஷத்து ஐ.பி.எல். பந்தயத்தில் இரண்டு ஆட்டங்களுக்கு மேல் முடியவில்லை. ஏப்ரலில் ரண சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த வருஷம் அதே பந்தயத்தில் 18 விக்கெட்டுகள் வீழ்த்தினார். உலகமே கைதட்டும் வீரருக்கும் படிகளைத் தாண்டிக் குதிக்கக் குறுக்குவழி இல்லை.

வீட்டாரின் பங்கு

சம்மணமிட்டு உண்பதும், குந்தி உட்காருவதும் நம் வழக்கம். சிகிச்சைக்குப் பின் சில மாதங்களுக்கு இவை இரண்டும் ஆகா. நாற்காலியும், உட்காரும் மலக்கூடமும் ஏற்பாடு செய்ய வேண்டியது வீட்டாரின் கடமை. பாசத்தினால் சிலர் நாட்டு வைத்தியரிடம் இறுக்கிக் கட்டுப் போடுவார்கள்; சிலர் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடிப்பார்கள். புதிதாகத் தைத்த மூட்டுக்கு இவை தீங்கே செய்யும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், ஜுரம் கண்டாலும், காயத்தில் சீழ் வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

பணவசதி இல்லையே என்று பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. மதுரை அரசினர் ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலே, வீடு தேடி வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் ஓர் அம்சமாக அமைந்தது. முதியவர்களுக்கு மூட்டையே மாற்றி வைத்தாலும் இதே நியாயந்தான்: டாக்டர் மூட்டைத் தருவார், நடையை அவரவரே சம்பாதிக்க வேண்டும்.

ஆகையால், "எப்போது களத்துக்குப் போகலாம்?" என்று பிள்ளை தினந்தோறும் நச்சரித்தால் பெற்றோர் கோபிக்க வேண்டாம்; அவசரப்பட்டு அனுமதிக்கவும் வேண்டாம். "இன்றைய பயிற்சி ஆயிற்றா?" என்று திருப்பிக் கேட்டால் போதும். ஒன்பது மாதம் சலிக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்கும் தாயார், ரண சிகிச்சை செய்த டாக்டருக்குச் சற்றும் குறைந்தவர் அல்லர்.