1950 ஆகஸ்டில் உங்கள் தாத்தா எங்கே இருந்தார்?

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், ஊரிகத்திலோ மாரிக்குப்பத்திலோ சாம்பியன் ரீஃபிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கல்லூரி இடமோ அரசு வேலையோ கைக்கெட்டும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வந்து நிற்கும். பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் 1950 ஆகஸ்ட் 10. அன்று குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததோ, அந்த மாநிலத்தில்தான் இடஒதுக்கீடு. அதற்குப் பின் இடம்பெயர்ந்தவர்களுக்குப் போன இடத்தில் சான்றிதழே கிடைத்தாலும், அந்த மாநிலத்தின் சலுகை கிடைக்காது. 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலும், 2018இல் பீர் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது.

தங்கவயல் தமிழரில் பெரும்பாலோரின் முன்னோர் அந்தத் தேதிக்கு வெகுமுன்பே வந்தவர்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்த பிறகு வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆதிதிராவிடக் குடும்பங்கள் சாரிசாரியாக வந்தன. 1894இல் மாரிக்குப்பம் வரை ரயிலும் வந்துவிட்டது. கர்நாடகத்தின் பட்டியலிலும் ஆதிதிராவிடர் பெயர் இருக்கிறது. ஆக, உரிமை இருக்கிறது. அதைக் காட்டும் காகிதம்தான் வீட்டில் இல்லை. இங்கே கேட்டால் “நீங்க தமிழ்நாட்டுக்காரங்க, அங்கே வாங்குங்க” என்பார்கள். அங்கே போனால் “பொறந்தது படிச்சது எல்லாம் கர்நாடகா, எங்களுக்கு என்ன சம்பந்தம்?” என்பார்கள். இரண்டு பதிலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

முதலில் தேட வேண்டியது கம்பெனிக் காகிதம். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் அவை மத்திய அரசிடம் போயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. கை மாறியது முதலாளிதான். தொழிலாளி அதே லைன் வீட்டில், அதே ஷாஃப்டில் இருந்தார். 1948இல் வேலைக்குச் சேர்ந்து எழுபதுகளில் ஓய்வு பெற்றவரின் பணிப் பதிவேட்டில் சேர்ந்த தேதி இருக்கும். அந்த ஒரு வரியே 1950க்கு முன் அவர் இங்கே இருந்தார் என்பதற்குப் பெரிய சாட்சி. டோக்கன் நம்பர், சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதியின் வாரிசு நியமனப் படிவம், வீடு ஒதுக்கிய கடிதம் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

1930இல் தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யக் கம்பெனிகள் கிளம்பியபோது, தங்கவயலே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஒரு சுரங்கத்தில் விரட்டப்பட்டவனை இன்னொரு சுரங்கத்திலும் சேரவிடாமல் தடுக்கும் தந்திரம் அது என்று தொழிலாளர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அன்று தாத்தா எதிர்த்த பதிவையே இன்று பேரன் தேடி அலைகிறான்.

ஊரிகத்தில் தலைமை அலுவலகம் வைத்திருந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடிக் கிடந்தாலும், அதன் பொறுப்பு மத்தியச் சுரங்க அமைச்சகத்துடையது. அதனால் தகவல் உரிமைச் சட்டம் இங்கே செல்லும். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. “என் தாத்தாவைப் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்” என்று எழுதினால் ஒன்றும் வராது. பெயர், அப்பா பெயர், டோக்கன் நம்பர், எந்தச் சுரங்கம், உத்தேசமாக எந்த ஆண்டுகள் என்று குறிப்பிட்டு, “பணிப் பதிவேட்டின் சான்றளிக்கப்பட்ட நகல்” என்று கேளுங்கள். பேரன் என்பதைக் காட்டும் காகிதத்தையும் கூடவே வையுங்கள். மூன்றாம் நபர் விவரம் என்று தட்டிக்கழித்தால் எதிர்த்து வாதிட அது உதவும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதிவேடு அழிந்துவிட்டது என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். வேறு சாட்சியம் காட்டும்போது அந்தக் கடிதம் உதவும். மாநில அரசு அலுவலகங்களுக்கு எழுதும்போது ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள் என்பது கர்நாடக விதி. பலருடைய மனு திரும்பி வருவது இதனால்தான்.

அடுத்தது பிறப்பு இறப்புப் பதிவு. ஒரு காலத்தில் சானிட்டரி போர்டு பார்த்த ராபர்ட்சன்பேட்டையை இப்போது நகரசபை பார்க்கிறது. தங்கவயல் தனித் தாலுகாவானது அண்மையில்தான். பழைய வருவாய்க் கோப்புகளைப் பங்காருப்பேட்டையிலும் கேட்க வேண்டும். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, கட்டணம் கட்டிப் பதிவேட்டில் தேடச் சொல்லி நகல் வாங்க யாருக்கும் உரிமை உண்டு. ஒன்று மட்டும் கிடைக்காது: இறப்புச் சான்றின் நகலில் சாவுக்கான காரணத்தைத் தர மாட்டார்கள். சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப் போனவர்கள் நிறைந்த ஊருக்கு இது சின்னக் குறையல்ல.

பதிவே இல்லை என்றால், இல்லை என்பதற்கான சான்றை வாங்கிக்கொண்டு தாமதப் பதிவு கேட்கலாம். ஓராண்டு கடந்தவற்றுக்கு முன்பு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, மாவட்ட மாஜிஸ்திரேட்டோ சப் டிவிஷனல் மாஜிஸ்திரேட்டோ மாவட்ட மாஜிஸ்திரேட் அதிகாரம் தந்த நிர்வாக மாஜிஸ்திரேட்டோ ஆணையிட்டால் போதும். தாத்தாவின் இறப்பே பதிவாகாமல் வம்சவிருட்சச் சான்று கேட்டு நிற்கும் குடும்பங்கள் இங்கிருந்து தொடங்க வேண்டும்.

தேவாலயப் பதிவேடுகள் இருபுறமும் வெட்டும். கார்ன்வாலிலிருந்து வந்த வெள்ளைக்காரச் சுரங்கக்காரர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவுகளின் நகல் லண்டனுக்குப் போனது. அவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் தேடுகிறார்கள். நம்மவர் பதிவு அந்தந்தப் பங்கிலேயே இருக்கிறது, கேட்டால் கிடைக்கும். குடும்பம் எந்த ஆண்டு இங்கே இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் பட்டியல் சாதிச் சலுகை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக வாழ்ந்த பெண்ணுக்குச் சான்றிதழை உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தச் சட்டம் சரியா என்பது பெரிய விவாதம். அது முடியும்வரை, எந்தக் காகிதத்தை எதற்காகக் கொடுக்கிறோம் என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். சாதிச் சான்று சரிபார்ப்பில் பிடிபட்டால் வேலையும் போகும், வழக்கும் வரும்.

பூர்வீக ஊரைத் தேடுவோர் பாட்டியிடம் முதலில் குலதெய்வம் எந்த ஊரில் என்று கேளுங்கள். அரசுப் பதிவேட்டை விட அது வேகமாக வழிகாட்டும். பழைய காகிதத்தில் ‘வடாற்காடு’ என்றிருந்தால் உடனே வேலூருக்கு பஸ் ஏறிவிட வேண்டாம். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகி, பிறகு ஆந்திரத்துக்குப் போய்விட்டது. வடாற்காடு 1989இல் உடைந்து திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வந்தன. ‘சேலம்’ என்றிருப்பது இன்றைய கிருஷ்ணகிரியாகவும் இருக்கலாம்.

பெயரில் நடக்கும் கூத்துதான் பெருந்தொல்லை. முனுசாமி கம்பெனிக் கணக்கில் ஒருவிதம், வாக்காளர் பட்டியலில் முனிசாமப்பா, ஆதாரில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, மூன்று ஆவணத்தின் நகலையும் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். இதைச் ‘சரிசெய்து’ தருகிறேன் என்று வரும் தரகர் போலிச் சான்று தருவார், மூலப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போவார். மூலத்தை யாரிடமும் விடாதீர்கள்.

காகிதமில்லாமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இலங்கை மலையகம் சாட்சி. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அப்பன் பாட்டன் அங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. தலைமுறையாகத் தேயிலை பறித்த லட்சக்கணக்கான தமிழர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள்.

நாடகச்சேரியில் (உள்ளூர் வருவாய் அலுவலகத்தில்) மனு கொடுத்தால், குறித்த காலத்தில் சேவை தரும் கர்நாடக அரசின் ‘சகாலா’ திட்ட எண் போட்ட ரசீதை வாங்காமல் நகராதீர்கள். 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தச் சேவைக்குக் காலக்கெடு உண்டு. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், மொத்தம் 500 ரூபாய் வரை இழப்பீடும் கேட்கலாம். தாசில்தார் சாதிச் சான்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, தாமதிக்காமல் உதவி ஆணையரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். வாய்மொழியாக “ஆகாது” என்று சொன்னதை எதிர்த்து எங்கேயும் மேல்முறையீடு போட முடியாது.