கட்டம் போட்டுப் பார்ப்போம் வாருங்கள்!

புள்ளியியல் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அடுத்த பக்கத்துக் கவிதை எங்கும் ஓடிப்போகாது. ஒரு பத்து நிமிடம் எனக்குக் கொடுங்கள், போதும்.

முதலில் ஒரு கேள்வி. நம் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். பஸ்ஸில் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணிகளிடம் "எந்த மலை ஏறினீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். இதற்குச் சராசரி என்ன? ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் எந்த மலை வரும்? ஒன்றும் வராது!

உயரம், எடை, மார்க் இவையெல்லாம் அளக்கக்கூடியவை. மலையின் பெயர், ஆணா பெண்ணா, தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா, பாஸா ஃபெயிலா என்பவை வகைகள். வகைகளை எண்ணத்தான் முடியும். அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு வகைகளுக்குள் தொடர்பு உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எதற்கு இது எனக்கு? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டி வந்த முதல் ஆள் நான். எங்க ஆயா எழுத்தே அறியாதவர். அம்மா மல்லாட்டை மூட்டை போட்டுவிட்டு ரசீதில் கைநாட்டு வைப்பவர். "பொம்பளப் புள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று ஊரில் சொல்வதைக் கேட்டே வளர்ந்தேன். அந்தப் பேச்சை எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

கையால் ஒரு கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 86.8 சதவீதம், பெண்களில் 73.4 சதவீதம் எழுத்தறிவு பெற்றவர்கள். (2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011 கணக்கையே எடுத்துக்கொண்டேன். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தால் இதில் சேர மாட்டார்கள். ஏதாவது ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும்.)

புரிந்துகொள்வதற்காக, இதே விகிதத்தில் 100 ஆண், 100 பெண் என்று வைத்து, தசமத்தை விட்டுக் கட்டம் போடுவோம்.

ஆண்: தெரிந்தவர் 87, தெரியாதவர் 13.
பெண்: தெரிந்தவர் 73, தெரியாதவர் 27.

மொத்தம் 200 பேரில் தெரிந்தவர் 160, தெரியாதவர் 40. ஆண் பெண் என்பதற்கும் எழுத்தறிவுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் கட்டம் எப்படி இருந்திருக்கும்? இரண்டு பக்கமும் 80, 20 என்று சமமாக இருந்திருக்கும். இதற்குத்தான் 'எதிர்பார்க்கும் எண்ணிக்கை' என்று பெயர். உள்ளதற்கும் எதிர்பார்த்ததற்கும் நான்கு கட்டத்திலும் 7 வித்தியாசம். அதை வர்க்கப்படுத்தினால் 49. அதை அந்தந்தக் கட்டத்தின் எதிர்பார்க்கும் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 49/80 இரண்டு தடவை, 49/20 இரண்டு தடவை. எல்லாம் கூட்டினால் 6.125. இதுதான் கை-ஸ்கொயர்! 1900-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ல் பியர்சன் கொடுத்த முறை. அவர் நடத்திய புள்ளியியல் இதழைக் கேம்பிரிட்ஜில் பார்த்துக் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் பி.சி. மகலனோபிஸ். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே.

இரண்டுக்கு இரண்டு கட்டத்துக்கு அட்டவணையில் உள்ள எல்லை 3.84. தொடர்பே இல்லாத இடத்தில் தற்செயலாக இதைத் தாண்ட நூற்றுக்கு ஐந்து வாய்ப்புதான். இருநூறு பேரைக் கேட்டு நமக்கு 6.125 வந்திருந்தால், "தற்செயல் இல்லை, தொடர்பு இருக்கிறது" என்று சொல்லலாம்.

இங்கேதான் சூட்சுமம்

அதே விகிதத்தில் 1,000 ஆண், 1,000 பெண் என்று எடுங்கள். கை-ஸ்கொயர் 61.25 ஆகிவிடும். தொடர்பு பத்து மடங்கு பெருகிவிட்டதா? இல்லவே இல்லை! ஆட்கள்தான் பெருகினார்கள். ஆகவே கை-ஸ்கொயர் தொடர்பு உண்டா என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு என்பதைச் சொல்லாது.

அதற்கு ஒரு சின்ன வேலை. கை-ஸ்கொயரை மொத்த ஆட்களால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 6.125/200-க்கு வர்க்கமூலம் 0.175. 61.25/2000-க்கும் அதே 0.175! இதன் பெயர் 'ஃபை'. தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1. கட்டம் பெரிதாக இருந்தால் (மூன்று மலை, நான்கு ஊர் என்று) 'கிரேமரின் வி' என்பதைப் பயன்படுத்த வேண்டும். வரிசை, பத்தி இவற்றில் எது குறைவோ அதில் ஒன்றைக் கழித்து, அதை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அந்தப் பெருக்குத்தொகையால் கை-ஸ்கொயரை வகுத்து வர்க்கமூலம் எடுப்பது. ஸ்வீடன் நாட்டு ஹரால்ட் கிரேமர் பெயரால் வந்தது.

கம்ப்யூட்டரில் செய்வது

எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் 'அனலைஸ்', அதில் 'டிஸ்கிரிப்டிவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்', அதில் 'கிராஸ்டேப்ஸ்' போய், ஒரு வகையை வரிசைக்கும் மற்றதைப் பத்திக்கும் கொடுத்து, 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' பொத்தானில் கை-ஸ்கொயர், ஃபை, கிரேமரின் வி இவற்றை டிக் செய்தால் முடிந்தது. காசில்லாமல் கிடைக்கும் பி.எஸ்.பி.பி., ஆர் ஆகியவற்றிலும் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. நம் கட்டத்தை ஆர் மென்பொருளில் போட்டால் 6.125 வராது, 5.28 என்று காட்டும். பயப்பட வேண்டாம். இரண்டுக்கு இரண்டு கட்டத்துக்கு அது தானாகவே 'யேட்ஸ் திருத்தம்' செய்து, ஒவ்வொரு வித்தியாசத்திலும் அரையைக் கழித்துவிடும். திருத்தம் வேண்டாம் என்று கட்டளையில் கொடுத்தால் 6.125 வந்துவிடும். இன்னொன்று, எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழே போகிற சின்னக் கட்டத்தில் கை-ஸ்கொயரை நம்பக்கூடாது. அங்கே 'ஃபிஷர் சோதனை' செய்ய வேண்டும். ப்ராஜெக்டுக்கு இருபது பேரிடம் கேட்டுவிட்டு வருபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்!

அறுபது வருஷத்தில் என்ன நடந்தது?

இப்போது இந்தியா முழுமைக்கும் பார்ப்போம். நூற்றுக்கு எத்தனை பேருக்கு எழுத்தறிவு?

1951: ஆண் 27, பெண் 9. ஃபை 0.23.
1981: ஆண் 56, பெண் 30. ஃபை 0.26.
2011: ஆண் 81, பெண் 65. ஃபை 0.18.

(1951-இல் 5 வயதுக்கு மேல், மற்ற இரண்டிலும் 7 வயதுக்கு மேல் எடுத்த கணக்கு.)

வெறும் கழித்தல் போட்டால் 1951-இல் வித்தியாசம் 18, 2011-இல் 16. "அறுபது வருஷத்தில் இரண்டுதான் குறைஞ்சுதா?" என்று தோன்றும். ஆனால் 1951-இல் ஆண்கள் பெண்களைப் போல மூன்று மடங்கு. 2011-இல் ஒன்றேகால் மடங்குதான். ஃபை இதைக் காட்டிக்கொடுக்கிறது. நடுவில் 1981-இல் ஃபை ஏறியிருப்பதையும் பாருங்கள். பள்ளிக்கூடம் பரவிய காலத்தில் முதலில் அனுப்பப்பட்டவர்கள் ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளைகளின் முறை பிறகுதான் வந்தது.

இப்போது அந்த ஊர்ப் பேச்சுக்கு வருவோம். படிப்பு ஏறாமல் இருப்பது பெண்ணின் இயற்கை என்றால் இந்த எண் மாறாமல் அல்லவா இருக்க வேண்டும்? முப்பதே வருஷத்தில் 0.26 எப்படி 0.18 ஆனது? மாறியது பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பழக்கம். தொடர்பு இருக்கிறது என்று எண் சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஏன் என்று தெரிய மூன்றாவது வகையைக் கொண்டுவர வேண்டும். வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தால் எழுத்தறியாத பெண்கள் பெரும்பாலும் அம்மா, ஆயா தலைமுறையில் இருப்பதும், இளையவர்களிடம் இடைவெளி சுருங்குவதும் தெரியும். எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் இப்படிப் பிரிக்க 'லேயர்' என்று ஒரு பெட்டியே இருக்கிறது.

தோழர்களே, தோழிகளே! நம்மிடமும் ஒரு பேச்சு உண்டு. "படிக்காத வீட்டுப் புள்ளைங்களுக்குத்தான் அரியர் அதிகம்" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கட்டம் போட்டுப் பார்ப்போமே! பெயர் வேண்டாம். வீட்டில் முதல் தலைமுறையா, அரியர் உண்டா, பள்ளியில் எந்த மீடியம் என்று மூன்றே கேள்வி. முதலில் மொத்தமாக ஒரு கட்டம். பிறகு மீடியத்தை லேயரில் வைத்து இரண்டு கட்டம். பிரித்த பிறகு தொடர்பு தேய்ந்துபோனால், கோளாறு வீட்டில் இல்லை, திடீரென்று இங்கிலீஷில் பாடம் கேட்பதில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அதற்கு மருந்து உண்டு, சீனியர்கள் தமிழில் சொல்லிக் கொடுத்தாலே பாதி தீரும். தேயாமல் நின்றால் வேறு காரணத்தைத் தேடுவோம்.

அடுத்த செமஸ்டர் கம்ப்யூட்டர் லேபில் ஒரு சனிக்கிழமை போதும். யார் வருகிறீர்கள்?